சொர்க்கவாசல் இல்லாமல் ஓர் அஞ்சலி கார்ட்டூன்

கேள்வி: நாளிதழ் ஒன்றுக்கும் இணைய இதழ் ஒன்றுக்கும் கார்ட்டூன் வரைகிறேன். பிரபலம் யாராவது இறந்தால் இரண்டு மணி நேரத்தில் படம் கேட்கிறார்கள். என்ன யோசித்தாலும் மேகம், சொர்க்கவாசல், கண்ணீர்த்துளி என்றே முடிகிறது. நான் கடுமையாகக் கிண்டலடித்த அரசியல்வாதி இறந்தால் எப்படி வரைவது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: மேகமும் வாசலும் வந்து விழுவதற்குக் காரணம், நீங்கள் இறப்பை வரையப் பார்ப்பதுதான். இறப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வரைந்தால் எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த மனிதர் போனதால் எந்த இடம் காலியானதோ அதை வரையுங்கள்.

1963 நவம்பர் 22, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட அன்று கார்ட்டூனிஸ்ட் பில் மால்டின் வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலை, முன்னால் குனிந்து இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். கென்னடி படத்திலேயே இல்லை. லிங்கனும் பதவியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதைப் பார்ப்பவர் மனமே சேர்த்துக்கொள்கிறது. 1989-இல் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் இறந்தபோது வந்த படமும் இதே வழிதான்: வெளிச்சத்தில் ஆளில்லாத ஒரு மைக், சுற்றிலும் தலைகுனிந்து நிற்கும் அவருடைய கதாபாத்திரங்கள்.

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் முதல் அரை மணியில் பென்சிலால் முகம் வரையவே வேண்டாம். அவரைப் பற்றி 15 பெயர்ச்சொற்கள் எழுதுங்கள். எளிமை, துணிச்சல் போன்றவை உதவாது. கையால் தொடக்கூடிய பொருளும் கண்ணால் பார்க்கக்கூடிய இடமுமே வேண்டும். எழுதி முடித்ததும் முதல் மூன்றை அடித்துவிடுங்கள். உங்களுக்கு உடனே தோன்றியது மற்றவர்களுக்கும் உடனே தோன்றியிருக்கும். 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது, கிறிஸ்தவ நம்பிக்கைப்படி சொர்க்கவாசலைக் காக்கும் புனித பீட்டரையும் ஐபேடையும் சேர்த்து ஒருவருக்கு மேற்பட்டவர்கள் வரைந்தார்கள். யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை, எல்லோரும் முதல் யோசனையிலேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு பேட்ஸ்மேன் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மட்டை, தொப்பி, ஸ்டம்ப் என்று முதலில் வரும். ஸ்டம்பில் சாய்த்து வைத்த மட்டையை நூறு பேர் வரைவார்கள். பட்டியலில் கீழே போனால், ஸ்டம்புக்கு நேராக நிற்கும் இடத்தை நடுவரிடம் கேட்டபின் (கார்டு எடுப்பது) கிரீஸில் பூட்ஸால் கீறும் அந்தச் சிறு கோடு வரும். கோடு மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. எதிர்முனையில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பவுலர் ஓடத் தொடங்காமல் நிற்கிறார். இந்தப் படத்துக்கு வசனம் தேவைப்படாது. வசனம் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றினால், பெரும்பாலும் பொருள் தேர்வில்தான் கோளாறு.

முகம் வரைய நேர்ந்தால் மிகைப்படுத்தலைக் குறையுங்கள். மூக்கையும் தாடையையும் வழக்கமாக இழுப்பதில் பாதி போதும். கடைசிக்கால மருத்துவமனைப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். மக்கள் மனதில் அவர் எந்த வயதில் நிற்கிறாரோ அந்த வயதின் மூன்று நான்கு புகைப்படங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே புகைப்படத்தை அப்படியே கோடு பிடித்தால் படம் எடுத்தவரின் காப்புரிமைப் பிரச்சினை வரும், கோடும் உயிரில்லாமல் கிடக்கும்.

துக்கம் என்றதும் பின்னணியைக் கறுப்பால் நிரப்பும் பழக்கம் அச்சில் காலை வாரிவிடும். நாளிதழ்த் தாளில் மை பரவுவதால் நீங்கள் வைத்த 50 சதவீதச் சாம்பல் 75-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். முகத்தின் நிழலை 30-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பை நான்கு வண்ணமும் கலந்து உண்டாக்காமல் கறுப்பு மைக்கான அச்சுத் தகடு மட்டும் 100 சதவீதம் என்று வையுங்கள். தகடு சற்று நகர்ந்தாலும் கோட்டோரத்தில் வண்ணம் பிசிறாது. கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு என்றால் தடிமன் ஒரு பாயின்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லையேல் மை அடைத்துவிடும்.

இனி அரசியல்வாதி. நேற்று வரை கடிந்தவரை இன்று மகானாக்கினால் வாசகர் உங்கள் பழைய படங்களையும் சந்தேகிப்பார். அதற்காக உடலைக் கேலி செய்வதும் முடியாது. அவருடைய செயல் ஒன்றை எடுத்து, அதன் விளைவை அடைமொழியில்லாமல் வரையுங்கள்: அவர் கட்டிய பாலம், அதற்காக இடம்பெயர்ந்த ஊர், இரண்டும் ஒரே சட்டகத்தில். கேலி செய்யத்தான் வேண்டும் என்றால் குறி யார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 1970 நவம்பரில் பிரான்ஸில் முன்னாள் அதிபர் டி கோல் இறந்தபோது, அந்த மாதத் தொடக்கத்தில் நடன அரங்கத் தீவிபத்தில் 140-க்கும் மேற்பட்டோர் இறந்த செய்திக்குப் பத்திரிகைகள் போட்ட தலைப்பின் பாணியிலேயே, ‘ஒருவர் பலி’ என்று ஹரா-கிரி என்ற நையாண்டி வார இதழ் அட்டை போட்டது. அந்தக் கிண்டல் மற்றப் பத்திரிகைகளின் மீதானது. ஆனால் நாட்டில் பலருக்கு இறந்தவர் மீதானதாகவே பட்டது. இதழ் தடை செய்யப்பட்டது. முதல் பார்வையில் எது தெரிகிறதோ அதுதான் உங்கள் கார்ட்டூன். அந்த அரசியல்வாதி விபத்திலோ தற்கொலையாலோ இறந்திருந்தால், வாகனத்தையோ இறந்த முறையையோ குறிப்பால்கூட வரைய வேண்டாம். அந்த வாரம் எழுத்தில் விமர்சனம் வரட்டும், படம் காத்திருக்கலாம்.

வதந்தியை நம்பி உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி வரைவதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. குடும்பமோ மருத்துவமனையோ உறுதி செய்யும் வரை படத்தை அனுப்பாதீர்கள், வரைந்து வைத்திருக்கலாம். பெயரின் எழுத்தையும் பிறந்த, இறந்த ஆண்டுகளையும் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். படத்துக்குப் பக்கத்திலும் பின்பக்கத்திலும் என்ன வருகிறது என்று லேஅவுட் செய்பவரிடம் கேளுங்கள். வெளிர் பின்னணியில் மறுபக்கத் தலைப்பு ஊடுருவித் தெரியும். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி விளம்பரம் வந்தால் அந்தப் பக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.