போன ஒருவர் என்ன வேலை பார்த்தார்?

கேள்வி: அமெரிக்காவில் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணி போன சீசனில் மார்ச் மாதம் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் கடைசி எட்டு வரை வந்தது. ஐவரில் நால்வர் இந்த வருடமும் ஆடுகிறார்கள். படிப்பு முடிந்து போனது ஒரே ஒருவர். அவரும் ஆட்டத்துக்கு ஏழு புள்ளிதான் எடுப்பார். ஸ்கிரீன் வைப்பதும் (சக வீரரைத் துரத்தும் எதிராளியின் வழியில் அசையாமல் நின்று மறிப்பது) ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) முட்டி மோதுவதும்தான் அவர் வேலை. அவர் இடத்துக்கு வேறு கல்லூரியிலிருந்து பதினாறு புள்ளி எடுக்கும் ஆள் வந்திருக்கிறார். இந்த முறை கோப்பை எங்களுக்குத்தானே?

பதில்: இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நால்வர் இருக்கிறார்கள் என்று நீங்கள் சந்தோஷப்படுவது சரி, ஆனால் போனவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, என் கண் அந்த வரியில்தான் நின்றது.

2022 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலைனா பல்கலைக்கழக அணி முதல் பாதி முடியும்போது 15 புள்ளி முன்னே இருந்தது, கடைசியில் கான்சஸிடம் 72-69 என்று தோற்றது. அடுத்த சீசனுக்கு பேகாட், லவ், டேவிஸ், பிளாக் என்று ஐவரில் நால்வர் திரும்பி வந்தார்கள். சீசன் தொடங்கும் முன் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் போடும் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் கொடுத்தார்கள். போனது பிரேடி மேனெக் ஒருவர்தான். அப்புறம் நடந்தது என்ன? 20 வெற்றி, 13 தோல்வி, மார்ச் போட்டியின் 68 அணிகளில் இடமே கிடைக்கவில்லை. 1985-ல் அந்தப் போட்டி 64 அணிகளாகப் பெருகிய பிறகு, முதலிடத்தில் தொடங்கி உள்ளேயே நுழையாமல் போன முதல் அணி அதுதான். அதே சீசனில் கோப்பையைத் தூக்கிய கனெக்டிகட், தொடக்கப் பட்டியலின் 25 அணிகளில்கூட இல்லை!

மேனெக் செய்த வேலையைப் பாருங்கள். நல்ல உயரம், ஆனால் கூடைக்கடியில் நிற்காமல் போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும் த்ரீ-பாயிண்ட் கோட்டுக்கு வெளியே போய் நிற்பார். அங்கிருந்து பத்து போட்டால் நாலு விழும் என்பதால் எதிரணியின் உயரமான ஆளும் அவர் பின்னாலேயே வெளியே வந்தாக வேண்டும். உள்ளே பேகாட்டுக்கு ஒரே ஒரு எதிராளியைச் சமாளித்தால் போதும், லவ்வும் டேவிஸும் பந்தைத் தட்டிக்கொண்டு பாய வழி திறந்து கிடக்கும். அவர் இடத்துக்கு வந்த பீட் நான்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அந்த இடம் அப்படித் திறக்கவில்லை. அந்த வருடம் மொத்த அணியும் வெளியிலிருந்து மூன்றுக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

உங்கள் ஏழு புள்ளிக்காரரும் இப்படித்தான். அவர் ஸ்கிரீன் வைத்து அசையாமல் நின்றதால்தான் உங்கள் கார்டுக்கு (பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்) அரை அடி இடைவெளி கிடைத்தது, அந்த அரை அடியில்தான் பந்து கூடைக்குப் போனது. புள்ளி கார்டின் பெயரில் ஏறும், ஸ்கிரீன் வைத்தவர் பெயர் எங்கேயும் வராது. ஒரு தாக்குதலுக்கு 30 வினாடிதான். முதல் ஸ்கிரீன் சொதப்பினால் திரும்ப அமைப்பதற்குள் பத்து வினாடி போய்விடும், கடைசியில் எதிராளியின் கை முகத்துக்கு முன்னால் இருக்க அவசரமாக எறிய வேண்டியதுதான். ரீபவுண்டும் அதே கதை. அவர் எதிரணியின் பெரிய ஆளை முதுகால் நெட்டித் தள்ளி நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் சாவகாசமாகக் குதித்துப் பந்தை எடுப்பார். பழைய ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் ஒரு பாதி முழுக்கப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வெளியிலிருந்து ஆள் எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2023-ல் கோப்பை வென்ற கனெக்டிகட் ஐவரில் மூவரை இழந்தது. ஸ்கிரீனைச் சுற்றி ஓடி வந்து தூரத்திலிருந்து போடும் ஜோர்டன் ஹாக்கின்ஸும் அதில் ஒருவர். அந்த வேலைக்கு ரட்கர்ஸிலிருந்து கேம் ஸ்பென்ஸரைக் கொண்டுவந்தார்கள். பந்து கையில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஆள் அவர். 2024-லும் கோப்பை அவர்களுக்கே, ஆறு ஆட்டத்தையும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். எந்த வேலை காலியாக இருக்கிறது என்று பார்த்து ஆள் எடுத்தார்கள். உங்கள் கோச் எத்தனை புள்ளி என்று பார்த்து எடுத்திருக்கிறாரோ என்பதுதான் என் பயம். பதினாறு புள்ளி எடுத்துப் பழகியவருக்குப் பந்து வேண்டும், பந்து கேட்பவர்கள் உங்களிடம் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள்.

கணிப்புப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 2025-ல் ஹூஸ்டனை 65-63 என்று வென்ற ஃப்ளோரிடா அந்த சீசனைத் தொடங்கியது 21-ஆம் இடத்தில். அந்த இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவின் நட்சத்திரம் வால்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் கடைசி வினாடிகளில் ஹூஸ்டனின் ஷார்ப் த்ரீ போட எழும்பியபோது பாய்ந்து போய் முன்னால் நின்றது அவர்தான். ஷார்ப் எறிய முடியாமல் பந்தை நழுவவிட்டார், திரும்பத் தொட்டால் டிராவலிங் என்ற விதிமீறல் ஆகிவிடும் என்பதால் அது துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஆட்டம் முடிந்தது. ஷாட் விழாத இரவிலும் கால் ஓட வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

நவம்பரின் முதல் நாலு ஆட்டம் பெரும்பாலும் பலவீனமான அணிகளோடுதான் இருக்கும், அந்த ஸ்கோரை நம்பாதீர்கள். புது ஆள் ஸ்கிரீன் வைக்க வருகிறாரா, விழாத பந்தைத் திரும்பப் பிடித்து எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு எத்தனை கிடைக்கிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். என் கணிப்பு: 68-ல் இடம் உண்டு, முதல் வார இறுதியை (முதல் இரண்டு சுற்றை) தாண்டலாம், கோப்பை இல்லை. பெஞ்சில் இருக்கும் இரண்டாம் வருடப் பையன் யாராவது அந்த ஸ்கிரீன் வேலையை விரும்பி எடுத்துக்கொண்டால் ஜனவரியில் எழுதுங்கள், என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.