காயம்பட்ட நுரையீரலில் எஃப்டிஜி: கேள்வி பதில்

(பெட் ஸ்கேன், செல்கள் இழுத்த கதிரியக்க மருந்தைக் காட்டும்; சிடி, உடலின் அடர்த்தியைக் காட்டும். இரண்டும் சேர்ந்த பெட்-சிடியில் நுரையீரல் வீக்கத்தை, அதாவது அழற்சியை, அளப்பது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்பவர் அணு மருத்துவ இயற்பியலாளர்.)

ராமநாதபுரம், மருத்துவ மாணவர்: மேடம், பெட்டில் ஒளிர்வது புற்றுநோய்க் கட்டி என்றுதானே படித்தோம்? ஏஆர்டிஎஸ் (திடீர்க் கடும் மூச்சுத்திணறல் நோய்) நுரையீரல் ஏன் ஒளிர்கிறது?

குளுக்கோஸை அள்ளித் தின்னும் செல் எதுவானாலும் ஒளிரும் தம்பி. எஃப்டிஜி என்பது ஃபுளோரின்-18 ஒட்டிய, குளுக்கோஸ் போன்ற கதிரியக்க மருந்து. அது குளுக்கோஸ் போகும் வாசல் வழியாகவே செல்லுக்குள் போகும். ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அதற்கு மேல் அதை எரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. புதிதாகக் காயம்பட்ட நுரையீரலில் இப்படி அதிகம் இழுப்பவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள்.

வென்டிலேட்டரில் இருந்த ஏஆர்டிஎஸ் நோயாளிகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், சிடியில் காற்றோட்டம் சரியாகத் தெரிந்த பகுதிகளிலும் சிலருக்கு ஏற்பு (செல்கள் எஃப்டிஜியை இழுக்கும் அளவு) கூடியிருந்தது. சிடி காட்டாத ஒன்றை இது காட்டுகிறது. அதனால்தான் இவ்வளவு பாடுபடுகிறோம்.

மண்டபம், ஐசியு செவிலியர்: வென்டிலேட்டரில் இருப்பவரை ஸ்கேனுக்கு எப்படித் தயார் செய்வது அக்கா?

முதலில் கடிகாரம். மருந்தை அளக்கும் கருவி, ஸ்கேனர், ரத்த மாதிரி எடுப்பவர் கையில் இருப்பது, மூன்றும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். 5 நிமிடம் பிசகினால் அளவில் 3 சதவீதம் பிசகும்.

குழாய் உணவையும் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பையும் 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். பெரிய பாட்டிலை மாற்றிவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சின்ன டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு லைனையும் கையால் தொட்டுப் பாருங்கள். சர்க்கரை 200 மி.கி.க்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இன்சுலின் போட்டுச் சட்டென்று இறக்கிவிட்டு உடனே எஃப்டிஜி ஏற்றினால் மருந்து தசைக்கும் இதயத்துக்கும் போய்விடும். குறுகிய நேர இன்சுலினாக இருந்தாலும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எடையை உண்மையாகவே போடுங்கள். ஐசியுவில் நீர் கோத்தவருக்குச் சேர்க்கையன்று எழுதிய எடை பொருந்தாது. எஸ்யூவி (போட்ட மருந்தளவுக்கும் எடைக்கும் ஏற்பச் சரிசெய்த ஏற்பு எண்) கணக்கே எடையில்தான் நிற்கிறது. ஊசி போட்டபின் சிரிஞ்சில் மிஞ்சியதையும் அளந்து கழிக்க வேண்டும். ரத்த மாதிரியை ஊசி போட்ட கையில் எடுக்காதீர்கள்.

வென்டிலேட்டர் மாற்றும்போது டியூபைக் கிளாம்ப் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திறந்துவிட்டால் பீப் (மூச்சு விட்ட முடிவிலும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) போய் நுரையீரல் சுருங்கும். சிடிக்கும் பெட்டுக்கும் ஒரே பீப், ஒரே டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் காற்றளவு) இருக்கட்டும்.

பாம்பன்: அந்த மருந்தை ராமேஸ்வரத்துக்கே கொண்டுவந்து போட முடியாதா?

மருந்து வரும், கேமரா வராது. மருந்துக்கும் பாதை செலவுதான்: 3 மணி நேரத்தில் 32 சதவீதமே மிஞ்சும். 10 மில்லிகியூரி போட வேண்டுமானால் புறப்படும்போது 31 இருக்க வேண்டும். மதுரைக்கு ஆள் போவதே வழி.

தொண்டி: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இந்த ஸ்கேன் எடுக்கலாமா?

எடுக்கலாம். மண்டபத்துக்குச் சொன்ன 200 கணக்கைப் பாருங்கள்.

கீழக்கரை, ரேடியாலஜி பட்டமேற்படிப்பு: எஸ்யூவியை சிடி அடர்த்தியால் வகுத்துவிட்டால் போதாதா? அதற்குமேல் எதற்கு மெனக்கெட வேண்டும்?

நல்ல கேள்வி, கணக்காகவே பார்ப்போம். சிடி அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (காற்று −1000, நீர் 0) −800 என்றால் அந்த வாக்சலில் (படத்தின் சின்னக் கன அலகில்) ஐந்தில் நான்கு பங்கு காற்று, திசு 0.2. காயம்பட்ட பக்கம் −400, திசு 0.6. நல்ல பக்கத்தில் எஸ்யூவி 0.5, காயத்தில் 1.5. படத்தில் மூன்று மடங்கு வெளிச்சம். வகுத்தால் இரண்டுமே 2.5. அதாவது வீக்கம் கூடவில்லை, காற்று குறைந்து திசு நெருங்கியிருக்கிறது. இதைச் செய்யாமல் ‘ஏற்பு மூன்று மடங்கு’ என்று எழுதுவது தப்பு.

தேவிபட்டினம், நுரையீரல் மருத்துவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் மேடம். அந்த 0.6இல் பாதி வெறும் நீராக இருந்தால்?

கீழக்கரை: நீரும் திசுக் கணக்கில்தானே சார் வரும்? சிடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

தேவிபட்டினம்: சிடிக்கு ஒன்று. நியூட்ரோஃபிலுக்கு ஒன்றா?

டாக்டர் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. நீரில் எஃப்டிஜியே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 1.5ஐ 0.3ஆல் வகுக்க வேண்டும்: 5. நல்ல பக்கத்தைப் போல இரண்டு மடங்கு. கீழக்கரைத் தம்பியின் கணக்கு அந்த வீக்கத்தை மறைத்துவிட்டது. ஆனால் நீரில் எஃப்டிஜி இல்லாமலும் இல்லை. ரத்தக்குழாய் கசிவதால் அது நீருக்குள் போய் எந்தச் செல்லிலும் மாட்டாமல் மிதக்கும். ஒரே ஒரு படம் எடுத்தால் மாட்டியது எது, மிதப்பது எது என்று தெரியாது.

அதனால் ஊசி போடும் நொடியிலிருந்து 60 நிமிடமாவது தொடர்ந்து படம் எடுத்து பட்லக் வரைபடம் போட வேண்டும். கிடை அச்சில், அதுவரை ரத்தத்தில் ஓடிய மொத்த எஃப்டிஜியை அந்த நேரத்து ரத்த அளவால் வகுத்த எண். நெடு அச்சில் நுரையீரல் அளவை ரத்த அளவால் வகுத்த எண். 20 நிமிடம் போல ஆனபின் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். சாய்வு, செல்லில் மாட்டும் வேகம். வெட்டுத்துண்டு (கோடு நெடு அச்சை வெட்டும் இடம்), ரத்தத்திலும் நீரிலும் சும்மா இருப்பது. நீர் கோத்தால் வெட்டுத்துண்டு ஏறும்.

இதிலும் சண்டை முடியாது. சாய்வும் ஒரு மில்லி வாக்சலுக்குத்தான் வருகிறது, காற்றுக் கணக்கு அதற்கும் வேண்டும். நீர் அதிகமானால் கசிவு நீருக்கென்று தனி அறை வைத்த கணித மாதிரியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஆரம்ப நிமிடங்களின் ரத்த வளைவு துல்லியமாக வேண்டும். அதை வலது இதயத்திலோ நுரையீரல் தமனியிலோ வரைந்து எடுத்து, இரண்டு மூன்று ரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். மாதிரி எடுத்த நேரம் எந்தக் கடிகாரத்தில் என்பதையும் எழுதுங்கள்.

கமுதி: கரிமூட்டம் போடுகிறவருக்கு இருமல் நிற்கவில்லை. இந்த ஸ்கேன் உதவுமா?

இது வேண்டாம். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை).

ஏர்வாடி: டிபியா கேன்சரா என்று இது சொல்லிவிடுமா?

இரண்டும் ஒளிரும். சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சாயல்குடி: சுகர் பேஷண்டுக்கு இந்த ஸ்கேன்...

மண்டபம். மேலே.

ராமேஸ்வரம், ஸ்கேன் டெக்னீஷியன்: உதரவிதானத்துக்கு மேலே வாழைப்பழம் போல வெள்ளைப் பட்டை விழுகிறது (எங்கள் படத்தில் ஏற்பு கருப்பாகத் தெரியும்). ஏற்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சிடியை மூச்சு இழுத்துப் பிடித்து எடுத்திருப்பீர்கள். பெட்டோ பல நிமிட மூச்சின் சராசரி. சிடியில் காற்றாகத் தெரிந்த இடத்தில் பெட் நேரத்தில் ஈரல் இருந்திருக்கிறது, தணிப்புத் திருத்தம் (உடல் விழுங்கிய கதிரை ஈடுசெய்யும் கணக்கு) குறைவாகப் போய்விட்டது. சாதாரண மூச்சில், அல்லது பல கட்டங்களின் சராசரி சிடியாக எடுங்கள். அடர்த்தியால் வகுக்கப்போகிறவர்களுக்கு இது இரட்டை அடி: பெட் எண்ணும் தப்பு, வகுக்கும் எண்ணும் தப்பு. பழைய படங்களில் உதரவிதானத்தை ஒட்டிய பகுதியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தேவிபட்டினம்: 60 நிமிடம் படுக்க முடியாத நோயாளிக்கு?

60ஆம் நிமிடத்தில் ஒரு படம், அதே நேரத்தில் ஒரு ரத்த மாதிரி. திசு-ரத்த விகிதத்தையும், அதே இடத்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணையும், வகுக்காத எஸ்யூவியையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள் டாக்டர். ஆனால் அதை அறிக்கையில் ‘சாய்வு’ என்று எழுதிவிடாதீர்கள்.