பேலன்ஸ் பைக்: வயதைச் சொல்லாதீர்கள், கால் அளவைச் சொல்லுங்கள்

கோவையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இன்று ஞாயிறு, மதியத்துக்கு மேல் வேலை இல்லை. பெடலே இல்லாமல், குழந்தை காலால் தரையை உந்தி ஓட்டும் பேலன்ஸ் பைக் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்கு 2 வயது. எந்த சைஸ் வாங்கலாம் அண்ணா? (சேலம்)

வயதை வைத்து வாங்கித்தான் பாதிப் பேர் என் கடைக்கு வந்து மாற்றிக் கேட்கிறார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரை நிற்க வைத்தால் கால் நீளத்தில் நாலு விரல் வித்தியாசம் இருக்கும்.

செருப்பில்லாமல் குழந்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, கவட்டில் முட்டும்வரை மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உள்கால் அளவு. சீட்டின் உயரம் அதைவிட 2, 3 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து, முட்டி லேசாக மடங்கும். கால் நுனி மட்டும் தொட்டால் பிள்ளை பயந்துவிடும், பைக் பரணுக்குப் போய்விடும்.

"12 இஞ்ச்" என்பது சக்கரத்தின் அளவு மட்டும்தான். ஒன்றின் சீட் 30 செ.மீ.க்கு இறங்கும், இன்னொன்று 36-க்குக் கீழே வராது. சீட்டின் குறைந்தபட்ச உயரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எடையையும் பாருங்கள். பைக், குழந்தையின் எடையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தோராயக் கணக்கு. 11 கிலோ பிள்ளைக்கு 3.3 கிலோ. 5 கிலோ இரும்பைக் கொடுத்தால் ஓட்டாது, இழுத்துக்கொண்டுதான் நடக்கும்.

பையனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. எந்த சைஸ்? (திருச்சி)

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். புத்தகம், சுவர், டேப்.

ஃபோம் டயரா, காற்று டயரா?

எங்கே ஓட்டப்போகிறது? அபார்ட்மென்ட் பார்க்கிங், மொட்டை மாடி என்றால் ஃபோம் போதும். எடை குறைவு, பஞ்சர் கிடையாது. ஆனால் ஈரமான டைல்ஸில் வழுக்கும், தேய்ந்தால் டயரையே மாற்ற வேண்டும். ஜல்லி, மண் ரோடு என்றால் காற்று டயர்தான் பிடிப்பும் மெத்தென்றும் இருக்கும். கருவேல முள் ஏறும், அது வேறு விஷயம். பஞ்சர் ஒட்டுவது எங்கள் பிழைப்பு, நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரேக் அவசியமா?

மூன்று வயதுக்குள் வேண்டாம். அந்தக் கைக்கு லீவர் எட்டாது, எட்டினாலும் பிடிக்கத் தெம்பு இருக்காது. கால்தான் பிரேக், அதனால் ஷூ கட்டாயம். மூன்றரைக்கு மேல் பின்சக்கர பிரேக் இருந்தால் பழக்கத்துக்கு நல்லது. பார்க்கிங் ரேம்ப்பில் மட்டும் விடாதீர்கள். சறுக்கலில் வேகம் பிடித்துவிட்டால் அந்தக் காலால் நிறுத்த முடியாது.

சைடு வீல் போட்ட சைக்கிளே வாங்கினால் என்ன? (மதுரை)

சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் நிமிரும். ஓட்டக் கற்பது என்றால் இதை உடம்பு கற்பதுதான். சைடு வீல் சைக்கிளைச் சாயவே விடாது. திரும்பும்போது பிள்ளை வெளிப்பக்கம் சாய்ந்து பழகும், அதாவது தலைகீழ்ப் பாடம். பெடல் மிதிப்பதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். பேலன்ஸ்தான் நாள் எடுக்கும், எனவே அதை முதலில் முடியுங்கள்.

தம்பி, நாங்கள் எல்லாம் அப்பாவின் 22 இஞ்ச் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துக் கற்றவர்கள். இதற்குப் போய் ஐந்தாயிரமா? (தஞ்சாவூர்)

வாங்க ஐயா. குரங்குப் பெடலுக்கு முன்னால் என்ன செய்தீர்கள், யோசித்துப் பாருங்கள். இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் தரையை உந்தி உந்திப் போனீர்கள் அல்லவா? அதுவும் பேலன்ஸ் பைக்தான், உயரம்தான் அதிகம். 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் ஓட்டிய மர வண்டிக்கும் பெடல் கிடையாது, அவரும் காலால் உந்தித்தான் போனார். பெடல் வந்தது 1860-களில். உலகமே அந்த வரிசையில்தான் கற்றது.

குரங்குப் பெடலில் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் சாய வேண்டும். அது வேறு வித்தை அண்ணா. (ஈரோடு)

சரிதான். நான் சொன்னது அதற்கு முந்தைய கட்டத்தை.

விழுந்து எழுந்தால்தான் தைரியம் வரும். இப்போது பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள். (தஞ்சாவூர்)

ஐயா, நீங்கள் கற்றது எட்டு, ஒன்பது வயதில். இங்கே பேசுவது இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் பையன்களுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் கற்றேன். என் மகள் இரண்டு வயதில் தொடங்குகிறாள். (நாகர்கோவில்)

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அதை நான் யோசிக்கவில்லை அம்மா. ஆனாலும் ஐந்தாயிரம் அதிகம். (தஞ்சாவூர்)

அதற்கு வழி அடுத்த கேள்வியில் இருக்கிறது.

வீட்டில் பழைய 14 இஞ்ச் சைக்கிள் இருக்கிறது. பெடலைக் கழற்றினால் போதுமா? (கரூர்)

நாலு வயதுப் பிள்ளைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். புதிதாக வாங்காதீர்கள். 15 எம்.எம். ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. பெடல் போனாலும் அதைத் தாங்கிய கிராங்க் தண்டு முழங்காலுக்குக் கீழே இடிக்கும். கடையில் கொடுத்துக் கிராங்க், செயின் இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது. சீட்டைக் கடைசிவரை இறக்கி அளந்து பாருங்கள். இரண்டு வயதுக்கு இது ஒத்துவராது, உயரமும் எடையும் அதிகம்.

வாங்கி மூன்று வாரம். உட்காரவே மாட்டேன் என்கிறான், நின்றபடி நடத்திக்கொண்டு போகிறான்.

நடத்தட்டும். பின்னால் தள்ளாதீர்கள், ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். சீட் உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹெல்மெட்?

முதல் நாளிலிருந்தே. தலைச் சுற்றளவை அளந்து வாங்குங்கள், விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். சறுக்கு மரம், ஊஞ்சல் பக்கம் ஓடினால் கழற்றிவிடுங்கள். பட்டை மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.

பேட்டரி வைத்தது வாங்கலாமா?

வேண்டாம்.

குழந்தை நடக்கத் தாமதமானது. இதை ஓட்டினால் சரியாகுமா?

குழந்தைகள் மருத்துவரைக் கேளுங்கள். சைக்கிள் கடைக்காரனைக் கேட்காதீர்கள்.

இரண்டரை வயது. எந்த சைஸ் அண்ணா? (வேலூர்)

ஏழாவது ஆள் நீங்கள். புத்தகம். சுவர். டேப்.

மன்னிக்கவும். அளந்துவிட்டேன், 34 செ.மீ. (வேலூர்)

சீட் 31-க்கு இறங்குகிற எதுவும் சரி.