ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: தம்மாமில் ஒரு நிறுவனத்தில் ஏழு வருடமாக அக்கவுன்டன்ட். சம்பளம் 6,000 ரியால். இப்போது ஒரு சவூதிப் பையனைச் சேர்த்து, என் வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். மேனேஜரோ, “நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, சுமுகமாகப் போய்விடலாம்” என்கிறார். என் பிழைப்பில் கை வைப்பவனுக்கு நானே பாடம் நடத்த வேண்டுமா?
- பெயர் வேண்டாம், தம்மாம்

பதில்: தம்பி, முதலில் அந்த ராஜினாமா விஷயம். எழுதிக் கொடுக்காதீர்கள். சவூதி தொழிலாளர் சட்டப்படி, நிறுவனம் உங்களை அனுப்பினால் முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் சர்வீஸ் பணமாக வர வேண்டும். உங்கள் கணக்கில் நாலரை மாதச் சம்பளம், அதாவது 27,000 ரியால். நீங்களாக ராஜினாமா செய்தால் பத்து வருடம் முடியாததால் மூன்றில் இரண்டு பங்குதான், 18,000 ரியால். ‘சுமுகமாக’ என்ற பேச்சில் உங்களுக்கு 9,000 ரியால் நஷ்டம். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே தக்க காரணமில்லாமல் அனுப்பினால் மிச்ச மாதங்களின் சம்பளத்தையும் கேட்கலாம். ராஜினாமா கடிதம் அந்த உரிமையையும் அடைத்துவிடும்.

அப்புறம் அந்தப் பையன். அவன் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. 2011-ல் வந்த நிதாகத் திட்டத்திலிருந்தே, உள்நாட்டுக்காரர் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அரசு நிறம் குறிக்கிறது. சிவப்பில் விழுந்தால் புது விசா கிடையாது, இருக்கிறவர்களின் பெர்மிட்டைப் புதுப்பிப்பதும் நின்றுபோகும். 2016-ல் மொபைல் கடைகளில் வேலை முழுக்க சவூதிகளுக்கே என்றாகி, எத்தனையோ வெளிநாட்டவர் கடையைவிட்டு இறங்கினார்கள். இப்போது உங்கள் துறையின் முறை. 2025 அக்டோபர் முதல், ஐந்து அக்கவுன்டன்டுக்குக் குறையாத நிறுவனங்களில் அக்கவுன்டன்டுகளில் 40 சதவீதம் பேர் சவூதிகளாக இருக்க வேண்டும், படிப்படியாக அது 70 சதவீதமாகும்.

தன் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று ஒரு நாடு நினைப்பதை என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. நம் ஊரிலும் இதே குரல் கேட்கிறதே. ஆனால் அந்தக் கொள்கையின் செலவை உங்கள் சர்வீஸ் பணத்திலிருந்து எடுக்கப் பார்ப்பது அநியாயம். பல இடங்களில் உள்நாட்டுக்காரர் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் ஏற்றி, ஆளை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். இவன் வேலை கற்க உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறான். மனசார சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு நல்ல வார்த்தை சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பான்.

நீங்கள் வேறு இடம் தேடலாம். 2021 மார்ச் முதல், ஒப்பந்தம் முடிந்ததும் கஃபீல், அதாவது உங்களை வேலைக்கு எடுத்த முதலாளியின் சம்மதம் இல்லாமலே, கிவா என்ற அரசு இணையதளத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி) எப்போது முடிகிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். ஒப்பந்தத்தையும் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்டையும் இறக்கி, ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மேனேஜர் மறுபடி ராஜினாமா பேச்சை எடுத்தால், “எழுத்தில் கொடுங்கள் சார், படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். பணத்தைத் தராமல் இழுத்தடித்தால், வேலை முடிந்த ஒரு வருடத்துக்குள் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். முதலில் சமரசப் பேச்சு நடக்கும், ஒத்துவராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். ரியாத் இந்தியத் தூதரகத்தையும் கேளுங்கள், அங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.