மூன்று நாள் ஒரே கணக்கில் உட்கார்ந்தால் அது திணறல் இல்லை

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. ஜாவா என்ற நிரல்மொழி படிக்கும் மகள் ஒரு மாணவர் பட்டியலை வரிசைப்படுத்தவே மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறாள், ஐடி வேலையில் இருக்கும் அவளுடைய பெரியப்பா மகனோ "இதற்கே இப்படியா, கடன் வாங்கியாவது ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் சொல்வது தப்பு.

அவள் என்ன செய்தாள் என்று பாருங்கள். மாணவரின் விவரங்களை எழுதும் கிளாஸுக்குள்ளேயே, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வைக்கும் கம்பேரபிள் போட்டு, அதன் கம்பேர்டூ பகுதியில் மதிப்பெண்ணை ஒப்பிட்டு முடித்துவிடு என்று அண்ணன் சொன்னதை அப்படியே செய்து, ஒன்றையே இரண்டு முறை வைக்காமல் வரிசையாக அடுக்கும் ட்ரீசெட்டில் பட்டியலைப் போட்டிருக்கிறாள். ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவர் காணாமல் போய்விட்டார்! கம்பேர்டூ, இரண்டும் சமம் என்று பூஜ்யம் தந்தால் ட்ரீசெட்டுக்கு இருவரும் ஒருவர்தான். அதைக் கவனித்து, ஏன் என்று தேடிய பெண் அவள்.

தேதி, எண் மாதிரி தனக்கென்று ஒரே வரிசை உள்ளவற்றுக்குக் கம்பேரபிள் சரி. மாணவருக்கு அப்படி எது? இன்று மதிப்பெண், நாளை பெயர், அப்புறம் சேர்ந்த தேதி. அங்கேதான் பலரும் தாண்டிப் போகிற கம்பேரேட்டர், அதாவது ஒப்பிடும் விதியைத் தனியே எழுதும் வழி, வருகிறது. கிளாஸைத் தொடாமல், வெளியே எத்தனை வரிசை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். 2014-இல் ஜாவா 8 வந்ததிலிருந்து அது இன்னும் சுலபம்: கம்பேரிங்இன்ட்டில் மதிப்பெண், ரிவர்ஸ்டு போட்டு இறங்குவரிசை, தென்கம்பேரிங்கில் பெயர், கடைசியாகப் பதிவெண். பதிவெண் வரை போனால் யாரும் தொலைய மாட்டார்கள். ரிவர்ஸ்டு மட்டும் மதிப்பெண்ணுக்கு அடுத்தே வர வேண்டும், கடைசியில் வைத்தால் பெயர்களும் சேர்ந்து தலைகீழாகிவிடும். ஒப்பிடும்போது ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் பழைய வழியும் வேண்டாம், பெரிய எண்களில் இன்ட் என்ற முழு எண் வகையின் எல்லை தாண்டி விடை குறி மாறிவிடும். அதற்கென்றே உள்ள இன்டீஜர் கம்பேர் போதும்.

அந்தக் கோர்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள், இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஜாவா எழுதி ஓட்டும் மென்பொருளான ஓபன்ஜேடிகே இலவசம், ஜாவாவின் ஆவணங்களும் இலவசம், அவளுக்கு இப்போது வேண்டியது நேரம்தான். ஒன்று ஏன் அப்படி நடக்கிறது என்று விடாமல் தோண்டுவது அவள் சுபாவம், அதை அவசரப்படுத்தி ஆறு மாதச் சான்றிதழுக்குள் அடைக்க யாருக்கும் உரிமை இல்லை, அண்ணனுக்கும் சரி, உங்களுக்கும் சரி.

இன்று ராத்திரி, பட்டியலில் உள்ள ஒருவரின் அதே மதிப்பெண்ணோடு, பெயருக்குப் பதில் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) மட்டும் உள்ள ஒரு மாணவரைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ஸ்லாஸ்ட் என்ற வசதி எதற்கு இருக்கிறது என்று அவளே வந்து உங்களுக்குச் சொல்வாள்.