எட்டாம் வகுப்பில் எந்த ரயிலும் போய்விடவில்லை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டான், நம் பிள்ளையோ எட்டாம் வகுப்பு வந்தும் தாத்தாவின் லைட்டரை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது உங்கள் கவலை. எனக்குக் கடிதத்தில் பிடித்த இடமே அந்த லைட்டர்தான். ஆட்டினால் உள்ளே தண்ணீர்போல அலம்புகிறது, திறந்தால் வாயுவாக வருகிறதே, எது உண்மை என்று கேட்டிருக்கிறான். போய்ப் படி என்று விரட்டிவிட்டீர்கள்.

ஏறக்குறைய அதே கேள்விக்காக ஒருவர் டாக்டர் பட்டமும் பிறகு நோபல் பரிசும் வாங்கினார். பெயர் வாண்டர்வால்ஸ். பிளஸ் 1 வேதியியல் படித்தவர்களுக்கு அவர் ஒரு சமன்பாடு. அதற்குப் பின்னால் இருந்த மனிதரை யாரும் சொல்லித்தருவதில்லை.

நெதர்லாந்தின் லைடன் நகரில் 1837இல் பிறந்தார். தச்சரின் பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். பதினைந்து வயதில் பள்ளியில் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார். பல்கலைக்கழகத் தேர்வு எழுத அன்று லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை படித்த பள்ளியில் அவை இல்லை. நம் ஊரில் பிளஸ் 1இல் வேறு குரூப் எடுத்துவிட்டுத் தவிப்பவர்களின் நிலைதான். ஆனாலும் 1862 முதல், ஆசிரியர் வேலையை விடாமலேயே, லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் கேட்கப் போய் உட்கார்ந்தார். பட்டம் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனார். பின்னாளில் அறிவியல் மாணவர்களுக்கு அந்த மொழி நிபந்தனையை விலக்கிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அது வந்த நேரத்தில் அவர் பாடங்களை முடித்துத் தயாராக இருந்தார். 1873இல், 35 வயதில், முனைவர் பட்டம்.

அந்த ஆய்வேட்டில் என்ன இருந்தது என்று தம்பிக்கு இப்படிச் சொல்லுங்கள். காலியான பஸ்ஸில் ஒருவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நெரிசல் பஸ்ஸில் ஆட்கள் அடைத்த இடம் போக மிச்சம்தான் இடம். வாயுவை அழுத்தும்போது மூலக்கூறுகளுக்கும் இதே கதி. இன்னொன்று, கதவில் மோதப்போகிறவனை உள்ளே இருக்கும் நண்பர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தால் மோதல் மெதுவாகத்தான் விழும். மூலக்கூறுகளும் ஒன்றையொன்று அப்படி இழுப்பதால் சுவரின் மீதான அழுத்தம் குறைகிறது. பழைய வாயு விதி இந்த இரண்டையும் கணக்கில் எடுக்கவில்லை. அவர் இரண்டையும் சேர்த்தார். உடனே வாயுவுக்கும் திரவத்துக்கும் ஒரே சமன்பாடு கிடைத்தது. லைட்டருக்குள் இருப்பது பியூட்டேன். உள்ளே அலம்புவதும் வெளியே சீறுவதும் அதே மூலக்கூறுகள்தாம். நெருக்கி வைத்தால் இழுவை ஜெயிக்கிறது, விட்டால் ஓட்டம் ஜெயிக்கிறது. பல்லி சுவரில் ஒட்டி நடப்பதும் பெரும்பாலும் இந்த மெல்லிய இழுவையால்தான். அதன் விரல்களில் எண்ணற்ற நுண்மயிர்கள் உள்ளன.

டச்சு மொழியில் எழுதிய அந்த ஆய்வேட்டைப் படிப்பதற்காகவே சில ஆய்வாளர்கள் டச்சு கற்க முனைந்ததை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் குறிப்பிட்டிருக்கிறார். 1877இல் வாண்டர்வால்ஸ் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆனார். 1881இல் மனைவி காசநோயில் இறந்தார். அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் எதையும் வெளியிடவில்லை. ஓராண்டு இடைவெளி விழுந்தால் வாழ்க்கையே போயிற்று என்று என்னிடம் வந்து அழும் பெற்றோரிடம் இதைச் சொல்வேன். அவருடைய விதிகளை வழிகாட்டியாகக் கொண்டுதான் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஒன்னஸ் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். வாண்டர்வால்ஸுக்கு நோபல் பரிசு 1910இல், 73 வயதில் வந்தது.

இனி உங்கள் பிள்ளைக்கு. பயிற்சி வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். கணிதத்தை மட்டும் நழுவ விடாதீர்கள். பின்னக் கணக்கில் தடுமாறுகிறானா என்று பாருங்கள், அதைச் சரிசெய்வது இன்று முக்கியம். பிளஸ் 1இல் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் உள்ள குரூப் கிடைத்தால் போதும். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ ஒரு வாசல்தான். நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆராய்ச்சி வழியில் நிலையான சம்பளம் வர முப்பது வயதை நெருங்கிவிடும். 22 வயதில் அவன் சம்பாதித்தே ஆக வேண்டிய வீடு என்றால் அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அப்போது வேதிப் பொறியியலைப் பார்க்கலாம். வாண்டர்வால்ஸ் சமன்பாட்டின் வழிவந்த சமன்பாடுகளை வைத்துத்தான் எரிவாயு ஆலைகளில் இன்றும் கணக்குப் போடுகிறார்கள்.

லைட்டரை அவன் கையில் தனியாகக் கொடுக்காமல் நீங்களே பிடித்துக்கொண்டு காட்டுங்கள். அடுத்து, அடுப்பு வெகுநேரம் எரியும்போது கேஸ் சிலிண்டரின் அடிப்பக்கம் மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது என்று கேட்பான். பதில் தெரியாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.