ஓட்டுக்காகப் பிரிந்தார்களா?

அன்புள்ள சார்,

நீங்கள் பரிந்துரைத்த ஜோனதன் கோவின் ‘மிடில் இங்கிலாண்ட்’ நாவலை வாசித்தேன். பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறலாமா என்ற வாக்கெடுப்பில் எதிரெதிராக ஓட்டுப் போட்டதற்காக, கணவன் மனைவியான இயானும் சோஃபியும் பிரிவது எனக்கு ஒட்டவே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா ஒரு சின்னம், அம்மா ஒரு சின்னம். நாற்பது வருடமாகச் சேர்ந்துதான் இருக்கிறார்கள். அரசியலை வலிந்து வீட்டுக்குள் இழுத்துவிட்டாரோ?

கே.

அன்புள்ள கே.,

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் உங்கள் வீட்டில் தோற்ற சின்னம் ஐந்து வருடத்தில் திரும்ப நிற்கும். 2016 ஜூன் 23 அப்படியில்லை. வெளியேறலாம் என்று 51.9 சதவீதம், வேண்டாம் என்று 48.1, ஒரே தடவை.

தம்பதி ஆலோசனைக்குப் போகும் இடத்தை மறுபடி பாருங்கள். இயான் வெளியேறலாம் என்று ஓட்டுப் போட்டதில் என்ன கோபம் என்று கேட்டால், நான் நினைத்த அளவுக்கு அவனுக்கு விசாலமான மனசு இல்லை என்கிறாள் சோஃபி. இவளுக்கு வெளியுலகம் தெரியாது என்கிற மாதிரி இயான் சொல்கிறான். இருவர் பதிலிலும் ஐரோப்பாவே இல்லை! கோபம் ஏற்கெனவே இருக்கிறது. இயானுக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஆசிய வம்சாவளிப் பெண்ணான நஹீதுக்குப் போனபோது நிறத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று மாமியார் கண்டுபிடித்த காரணம் சோஃபிக்குச் செரிக்கவில்லை. அன்றைக்கே விரிசல் விட்டாயிற்று.

எனக்கு நாவலின் உச்சம் வேறு. சோஃபியின் தாத்தா, கிழவர் காலின், தான் வேலை பார்த்த லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலையைப் பார்க்க மகனோடு போகிறார். அதை நடத்திய எம்ஜி ரோவர் நிறுவனம் திவாலான 2005இல் அங்கே வேலை போனவர்கள் சுமார் 6,000 பேர். இப்போது கடைகள்தான். தொழிற்சாலை இல்லாமல் கடையில் செலவழிக்கக் காசு எங்கிருந்து வரும் என்று அவருக்குப் புரியவே இல்லை. எந்தக் கட்சியின் பெயரும் வராத அரசியல் அது.

நீங்கள் சொல்லும் வலிந்திழுப்பு இருக்கத்தான் செய்கிறது, பத்திரிகையாளர் டக், அரசின் செய்தித் தொடர்பு ஆளான நைஜெலைச் சந்திக்கும் அத்தியாயங்களில். முதல் தடவை சிரித்தேன். போகப்போகப் பழைய பேப்பரைப் புரட்டுவது போல இருந்தது.

அப்புறம், அவர்கள் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்களே, சோஃபி பிள்ளை உண்டாகியிருக்கிறாளே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிரிந்ததை நம்பினேன். எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது சேர்ந்ததுதான்.